வளையாத கை

நண்பர் ஒருவரை எதிரே நிறுத்தி, உங்கள் வலக்கையை உள்ளங்கை மேல்நோக்கும்படி நீட்டி, மணிக்கட்டை அவருடைய தோளின்மீது வைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் இரு கைகளையும் கோத்து, உங்கள் முழங்கையின் உட்புறத்தில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி, நீட்டிய கையை மடக்க முயலட்டும். முதல் தடவை, முஷ்டியை இறுக்கிப் பல்லைக் கடித்து, தேகத்திலுள்ள பலத்தையெல்லாம் அந்த ஒரு கையில் குவித்து எதிர்த்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் கை நடுங்கும், பிறகு மடங்கிவிடும். இரண்டாம் தடவை, விரல்களை விரித்து, தோளைத் தணித்து, முகத்தில் இறுக்கமேதுமின்றி, குழாயில் நீர் ஓடுவதைப்போல உங்கள் கைக்குள்ளே ஒரு பிரவாகம் ஓடி விரல் நுனிகளின் வழியே எதிர்ச்சுவரில் போய்ப் பாய்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டு நில்லுங்கள். நண்பர் முன்போலவே அழுத்துவார். அவர் முகம் சிவக்கும். கையோ பெரும்பாலும் நீட்டியபடியே இருக்கும்.

ஜப்பானியரின் ஐக்கிடோ என்னும் தற்காப்புக் கலையைப் பயில்வோர் இதனை ‘வளையாத கை’ என்பர். 1953ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று அக்கலையை அங்கே பரப்பிய தோஹேய் கோயிச்சி என்ற ஆசிரியர், மனத்துக்கும் தேகத்துக்கும் உள்ள உறவை மாணவர்க்கு விளக்க இந்தச் சோதனையைப் பெரிதும் கையாண்டார். பார்ப்பவர்க்கு ஏதோ மந்திரசக்தி போலத் தோன்றும் இதன் காரணம் நம் தசைகளின் அமைப்பிலேயே இருக்கிறது. மேற்கையின் முன்புறத்திலுள்ள இருதலைத் தசை கையை மடக்குவது. பின்புறத்திலுள்ள முத்தலைத் தசை நீட்டுவது. நாம் வெறுமனே ‘பலம் கொடுக்கும்’போது இரண்டையும் ஒருங்கே இறுக்கிவிடுகிறோம், ஆகவே நம்முடைய இருதலைத் தசையே, நம்மை மடக்க வந்தவருக்குத் துணையாளாக மாறி, அவரோடு சேர்ந்து நம் கையை மடக்குகிறது. நீரோட்டத்தை நினைத்துக் கையை நீட்டும்போதோ, நீட்டும் தசை மட்டும் தொழிற்பட, மடக்கும் தசை தானாகவே தளர்ந்து ஒதுங்கிக்கொள்கிறது. ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிரான தசையை நரம்புமண்டலம் தளரச் செய்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்து காட்டியவர் 1932ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஆங்கில உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன்.

ஆக, மனத்தில் எழுந்த ஒரு சித்திரம், இன்ன தசை உழைக்கவேண்டும், இன்னது ஓயவேண்டும் என்று தேகத்துக்குக் கட்டளையிட்டுவிட்டது. ‘மனமும் உடலும் இசைதல்’ என்று பெரியோர் சொல்லக் கேட்டு, அது ஏதோ எட்டாத யோகநிலை போலும் என்று எண்ணியிருந்தவர்கூட, அரை நிமிஷத்தில் தம் கையிலேயே அதனைப் பிரத்தியட்சமாகக் காணலாம். இந்தச் சிறு அநுபவத்தை ஒரு கையிலிருந்து முழுத் தேகத்துக்கும், நண்பரின் அழுத்தத்திலிருந்து பகைவனின் தாக்குதலுக்கும் விரித்துக்கொண்டே போனால் நாம் அடைவதே ஐக்கிடோ.

பெயரிலேயே அதன் தத்துவம் அடங்கியிருக்கிறது. ‘ஐ’ என்பது இசைவு, பொருந்துதல். ‘கி’ என்பது உயிர்ப்பு, நம் வழக்கில் பிராணன் என்பதற்கு அணித்தானது. ‘டோ’ என்பது மார்க்கம். ‘கி’யைக் குறிக்கும் பழைய எழுத்தில் அரிசியைக் குறிக்கும் உருவும், அதன்மேல் எழும் ஆவியைக் குறிக்கும் உருவும் சேர்ந்திருக்கின்றன. உலையிலிருந்து எழும் ஆவியைப்போல, கண்ணுக்குப் பிடிபடாமலும் ஆனால் மூடியைத் தூக்கும் வல்லமையோடும் இருப்பது எதுவோ, அதனோடு இசைந்து நடக்கும் வழி என்று இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

இதனை வகுத்தவர் உயேஷிபா மோரிஹேய். ஜப்பானின் வாகாயாமா மாகாணத்துத் தானபே என்னும் கடற்கரை ஊரில் 1883ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி பிறந்தவர். இளமையில் மெலிந்து நோயுற்றிருந்தவர். வளர்ந்த பின்னும் ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமுடையவர். ருஷ்ய–ஜப்பானிய யுத்தத்தில் சிப்பாயாகப் பணிபுரிந்து திரும்பி, 1912இல் தம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றை அழைத்துக்கொண்டு வடகோடியிலுள்ள ஹொக்கைடோத் தீவின் ஷிராதாக்கி என்ற இடத்துக்குச் சென்று, பனிக்காட்டை வெட்டிக் கழனியாக்கினார். அங்கிருந்தபோது 1915இல் தாகேதா சோகாக்கு என்னும் மாபெரும் வீரரைச் சந்தித்து, மூட்டுகளைத் திருகியும் சமநிலையைக் குலைத்தும் எதிரியை அடக்கும் ‘தைதோ’ மரபு வித்தையை அவரிடம் கற்றார். 1919இல் தந்தையின் நோய்ச்செய்தி கேட்டு ஊர் திரும்பும் வழியில், அயாபே நகரில் தெகுச்சி ஒனிசாபுரோ என்ற சமயத் தலைவரைக் கண்டு அவர்பால் ஈடுபட்டார். முன்னவர் கொடுத்த வித்தையும் பின்னவர் கொடுத்த பக்தியும் ஒரே மனிதருக்குள் கலந்ததன் விளைவே ஐக்கிடோ எனலாம். ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1930இல் இவருடைய வித்தையை நேரில் கண்டு வியந்து, தம் மாணாக்கர் சிலரையே இவரிடம் கற்க அனுப்பினார் என்பதிலிருந்து, இவர் அடைந்திருந்த தேர்ச்சியை நாம் ஊகிக்கலாம். ஐக்கிடோ என்ற பெயர் நிலைபெற்றது 1942ஆம் ஆண்டிலேதான்.

இனி, பயிற்சிக்கூடத்தின் உள்ளே செல்வோம். அதனை டோஜோ என்பர். தரையெங்கும் தாத்தாமி என்னும் பாய்மெத்தைகள் விரிக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் மண்டியிட்டு வணங்கிய பின், இருவர் இருவராக எழுந்து நிற்பர். ஒருவர் தாக்குபவர், மற்றவர் தாக்குதலை ஏற்று வீழ்த்துபவர். தாக்குபவரை ‘உகே’ என்பார்கள். ஏற்பவர் என்பது அதன் பொருள், ஏனெனில் இறுதியில் வீழ்ச்சியை ஏற்பவர் அவரே. மிக எளிய பாடம் மணிக்கட்டைப் பற்றுவது. இக்காலத்தில் எவன் மணிக்கட்டைப் பற்றிச் சண்டைக்கு வருவான் என்று கேட்கத் தோன்றும். இடையிலே வாள் தரித்திருந்த காலத்தில், வாளை உருவும் கையை முதலில் பிடித்துக்கொள்வதே எதிரிக்குப் பிழைக்கும் வழியாயிருந்தது. அந்த வாளின் நிழல் ஐக்கிடோவின் ஒவ்வொரு அசைவிலும் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

ஒரு புதிய மாணவனின் இடது மணிக்கட்டைப் பலசாலியான ஒருவர் இறுகப் பற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்ட இடத்தில் தோல் வெளுக்கிறது. மாணவனின் தோள் காதுவரை உயர்கிறது. மூச்சு நெஞ்சிலே நிற்கிறது. அவன் கையைப் பின்னுக்கு இழுக்கிறான். பற்றியவரின் பிடி உடனே முன்னிலும் இறுகுகிறது. இதில் அவருடைய விருப்பம்கூட அதிகமாய்க் கலந்திருக்கவில்லை. ஒரு தசையைத் திடீரென்று நீட்டினால், மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தண்டுவடத்தின் வழியாகவே அத்தசை சுருங்கி எதிர்க்கும். வைத்தியர் முழங்காலின் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவதும் இதே தத்துவத்தால்தான். வெடுக்கென்று இழுப்பவன், எதிரிக்கு அவன் கேளாமலே பலம் கொடுக்கிறான்.

ஆசிரியர் அருகில் வந்து, பிடிபட்ட கையை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அதனை ஓர் அச்சாணியாகக் கொண்டு, மாணவன் தானே ஓரடி முன்சென்று பற்றியவரின் பக்கலிலே திரும்பி நிற்கும்படி செய்கிறார். தென்கான் என்று பெயர்பெற்ற இந்தத் திருப்பத்துக்குப் பின், இருவரும் எதிரெதிரே நோக்காமல், ஒரே திசையை நோக்கித் தோளோடு தோள் நிற்கிறார்கள். தள்ளுகிறவர் முன்னே இப்பொழுது தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. தாழிட்ட கதவென்று எண்ணித் தோள்கொடுத்து மோதுகிறவன், உள்ளிருந்து ஒருவர் சட்டென்று தாழை நீக்கிவிட்டால் எப்படித் தடுமாறி உள்ளே வந்து விழுவானோ, அப்படியே அவர் தம் வேகத்தாலேயே முன்னோக்கிச் சாய்கிறார்.

இந்தச் சாய்வின் கணக்கைப் பௌதிக சாஸ்திரம் தெளிவாகச் சொல்லும். நிற்கும் மனிதனின் பளுவெல்லாம் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்ளலாம். அப்புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அவன் உயரத்தில் ஏறத்தாழ 55 சதவீதத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்புக்கு முன்னால் அமைகிறது. ஜப்பானியர் ‘தாந்தேன்’ என்று பெயரிட்டு, எல்லா அசைவும் இங்கிருந்தே பிறக்கவேண்டும் என்று போதிக்கும் இடமும் ஏறக்குறைய இதுவே. இப்புள்ளியிலிருந்து நேர்கீழே தொங்கவிட்ட கற்பனை நூல்குண்டு, இரு பாதங்களும் அவற்றிடையேயுள்ள நிலமும் சேர்ந்த பரப்புக்குள் விழும்வரை மனிதன் நிற்பான்; அதற்கு வெளியே விழுந்த கணத்தில் வீழ்வான். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து ஊன்றி நிற்பவன் முன்பின்னாகத் தள்ளுவதைத் தாங்குவான். ஆயினும் அவன் பாதங்களை இணைக்கும் கோட்டுக்குக் குறுக்கே அவனுடைய பரப்பு மிகக் குறுகியது. முக்காலிக்கு மூன்று கால்கள் உண்டு, மனிதனுக்கு இரண்டே. அந்த இல்லாத மூன்றாம் கால் எங்கே இருந்திருக்கவேண்டுமோ, அந்த வெற்றிடத்தை நோக்கி அவனை மெல்ல அழைத்துச் செல்வதே ஐக்கிடோ ஆசிரியரின் சாமர்த்தியம்.

சாய்ந்தவனை வீழ்த்துவதற்கு நெம்புகோலின் நியாயம் துணைசெய்கிறது. கீலுக்கு அருகில் கைவைத்துக் கதவைத் தள்ளினால் பெரும் பிரயாசை. ஓரத்தில் வைத்துத் தள்ளினால் ஒரு விரலே போதும். விசையையும், அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கி வருவதே திருப்பும் திறன். ‘கோதேகாயேஷி’ என்னும் பிரயோகத்தில், எதிரியின் புறங்கையின்மேல் நம் கட்டைவிரலை வைத்து, அவன் விரல்கள் அவன் முன்கைக்கு வெளிப்புறமாக மடியும்படி திருப்புகிறோம். மணிக்கட்டு ஓரளவுக்குமேல் திரும்பாது; அதன் எல்லை முடிந்தவுடன் திருப்பம் முழங்கைக்கு ஏறுகிறது, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்கு. ஈரத்துணியின் ஒரு முனையை முறுக்கினால் முறுக்கு மறுமுனைவரை ஓடுவதுபோல, கையில் தொடங்கியது இடுப்பில் போய் முடிகிறது. மூட்டு நோவாமல் இருக்கவேண்டுமானால் தேகம் முழுவதும் அதன் பின்னே சென்றே ஆகவேண்டும்; ஆகவே விழுபவர் வலியால் விழுவதைக் காட்டிலும், வலி வருமுன் அதனைத் தவிர்த்து விழுகிறார் என்பதே பொருத்தம்.

இவ்வளவும் இயந்திர நியாயம். ஆயினும் எந்தக் கணத்தில், எந்தத் திசையில் எதிரி சாய்கிறான் என்று அறியாதவனுக்கு நெம்புகோலால் பயனில்லை. அந்த அறிவு கண்ணைவிடக் கையின் வழியாகவே மிகுதியும் வருகிறது. இங்கேதான் தளர்ச்சியின் மேன்மை விளங்கும். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 19ஆம் நூற்றாண்டில் எடைகளைக் கையில் வைத்துச் சோதித்து, நாம் உணரக்கூடிய மிகச் சிறிய மாறுதல், ஏற்கெனவே இருக்கும் சுமையின் ஒரு விகிதமே என்று கண்டார். வெறுங்கையில் 10 கிராம் நாணயத்தை வைத்தால் உடனே தெரிகிறது. அதே கையில் ஒரு கிலோ அரிசிப் பை இருக்கும்போது அந்த நாணயத்தைச் சேர்த்தால் தெரிவதில்லை. முழுப் பலத்தோடு இறுக்கிய கையும் அவ்வாறே தன் இரைச்சலிலே தானே செவிடாகிவிடுகிறது. தளர்ந்த கையோ, எதிரியின் பளு குதிகாலிலிருந்து விரல்களுக்கு மாறுவதையும், அவன் மூச்சை இழுத்து அடுத்த தள்ளுக்கு ஆயத்தமாவதையும் தொடுகையிலேயே படித்துக்கொள்ளும். தளர்ச்சி வேறு, சோர்வு வேறு. மீட்டத் தகுந்த வீணையின் தந்தி அறுந்து தொங்குவதுமில்லை, அறுபடும் அளவு முறுக்கேறி இருப்பதுமில்லை. பயின்றவன் கையும் அத்தகையதே.

இந்தத் தளர்ச்சியைக் கெடுக்கும் முதற்சத்துரு எதிரே நிற்பவனல்லன்; நம்முடைய பயம். அபாயத்தைக் கண்ட பிராணி எதிர்த்துப் போரிடவோ தப்பியோடவோ எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதை, ஹார்வர்ட் சர்வகலாசாலையில் உடலியல் ஆசிரியராயிருந்த வால்ட்டர் கானன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன, இதயம் விரைகிறது, தசைகள் விறைக்கின்றன, கவனம் ஒரே பொருளில் குவிந்து மற்றவை மறைகின்றன. காட்டில் புலியைக் கண்டு ஓட இது பேருதவி. அருகில் நிற்பவனின் சிறு அசைவை உணரவேண்டியவனுக்கோ இது அளவை மீறினால் பெருந்தடை. ஏனெனில் பயம் தசையை விறைக்கச் செய்கிறது, விறைத்த தசை உணர்வை இழக்கிறது, உணர்விழந்தவனுக்குப் பயம் மேலும் பெருகுகிறது.

இச்சுழலை உடைக்க நம் வசமுள்ள கதவு ஒன்று உண்டு, அது மூச்சு. இதயத்தையோ சுரப்பிகளையோ நாம் நேரே ஆணையிட முடியாது. சுவாசம் மாத்திரம் தானாகவும் நடக்கும், நாம் நடத்தியபடியும் நடக்கும். மூச்சை உள்ளிழுக்கையில் இதயத்துடிப்புச் சற்று விரைவதும், வெளிவிடுகையில் வேகஸ் நரம்பின் செயலால் சற்றுத் தணிவதும் எவரும் தம் நாடியைத் தொட்டு அறியக்கூடியவை. வெளிமூச்சை நெடிதாக்குகிறவன் அந்தத் தணிவையும் நெடிதாக்குகிறான். ஐக்கிடோவில் வீழ்த்தும் ஒவ்வொரு கணமும் மூச்சை விடும் கணமாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. பிடிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்காமல் விடப் பழகியவனுக்கு, ஆயிரம் தடவைக்குப் பின், பிடிக்கப்படுவதே மூச்சை விடுவதற்கு அடையாளமாகிவிடுகிறது. மனத்தை அடக்கு என்று உபதேசிப்பதைவிட, இந்த அப்பியாசம் எவ்வளவு எளிமையானது, எவ்வளவு நிச்சயமானது!

இக்கலையில் எனக்கு மிகவும் பிரியமான பகுதி வீழ்வதைக் கற்பதுதான். வீழ்த்தும் பாடங்களைப் போலவே ‘உகேமி’ எனப்படும் வீழும் பாடங்களுக்கும் இங்கே சமமான கௌரவம் உண்டு. சராசரி உயரமுள்ளவரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து கல்லைப்போல் விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அவ்வேகம் 1 சென்டிமீட்டர் தூரத்தில் அடங்கினால், அதனை நிறுத்தும் வேகத்தளர்ச்சி புவியீர்ப்பைப்போல் சுமார் 90 மடங்காகும். 10 சென்டிமீட்டரில் அடங்கினால் சுமார் 9 மடங்கே. ஒரே வீழ்ச்சி, அடங்கும் தூரம் மட்டும் வேறு. உகேமி கற்றவர் முன்னே விழும்போது, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து முன்கை, மேற்கை, தோள், அங்கிருந்து முதுகின் குறுக்காக எதிர்ப்பக்கத்து இடுப்பு என்று, தேகத்தை ஒரு சக்கரமாக்கி உருட்டுகிறார். தலை தரையைத் தொடுவதேயில்லை. விழும் வேகம் உருளும் வேகமாக மாறி, அவரை மறுபடியும் காலூன்றி நிற்கவும் வைத்துவிடுகிறது. பழகாதவரோ கையை விறைப்பாக நீட்டித் தரையைத் தடுக்கப் பார்த்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். வாழ்நாளில் ஒருமுறையும் கள்வனைச் சந்திக்காத மனிதர் பலர் உண்டு. குளியலறையிலோ மாடிப்படியிலோ வழுக்கி விழாதவர் எத்தனை பேர்? தற்காப்பு என்ற சொல்லுக்கு இதைவிட உண்மையான பொருள் வேறென்ன இருக்கக்கூடும்? இதனை ஆசிரியரின் மேற்பார்வையில், முழந்தாளிட்ட நிலையிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கற்கவேண்டும். முதுமையோ எலும்புத் தளர்ச்சியோ உடையவர்கள் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம்.

ஐக்கிடோவிடம் நாம் எதிர்பார்க்கக்கூடாதவையும் உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் போட்டி கிடையாது. தாக்குபவர் இன்ன விதமாகத் தாக்குவார் என்று முன்பே வகுத்திருப்பார்கள். அவர் தம் தோழர் கற்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு தாக்குகிறார். தெருவில் வருகிறவன் முறைப்படி வரமாட்டான். ஆகையால் சில மாதப் பயிற்சியை நம்பிக் கத்தியேந்தியவனை எதிர்ப்பது மதியீனம். இந்தக் குறையை உணர்ந்தே, தோமிக்கி கெஞ்சி என்ற சீடர் போட்டிமுறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். ஷியோதா கோஸோ என்ற சீடர் தம் யோஷின்கான் பள்ளியில் கடுமையான அடிப்படைப் பயிற்சிகளை வற்புறுத்தினார். பயிற்சி நிச்சயமாகத் தருவது வேறொன்று. ‘மா-ஐ’ என்ற பாடம் இருவருக்கிடையே உள்ள இடைவெளியைக் காக்கச் சொல்கிறது: எதிரி ஓரடி முன்வைத்தாலன்றித் தொடமுடியாத தூரத்தில் நில். கண்ணால் கண்டதற்குக் கை அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி கழிகிறது; அந்த ஓரடியே நமக்கு அக்கால அவகாசத்தைத் தருவது. கோபமாகப் பேசுகிறவனிடமிருந்து, பதற்றமின்றி அரையடி விலகி, பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் பதில் சொல்லத் தெரிந்தவன், பெரும்பாலான சண்டைகளை அவை பிறக்குமுன்பே முடித்துவிடுகிறான்.

உயேஷிபாவின் வாழ்விலும் அத்தகைய ஒரு நாள் வந்தது. 1925ஆம் ஆண்டு வசந்தத்தில், வாள்வித்தையில் தேர்ந்த கடற்படை அதிகாரி ஒருவர் மரவாளோடு அவர்மீது பாய்ந்தார். உயேஷிபா திருப்பித் தாக்கவில்லை. ஒவ்வொரு வெட்டும் எங்கே விழப்போகிறது என்பதை முன்னுணர்ந்தவர்போல் விலகிக்கொண்டே இருந்தார். இறுதியில் அதிகாரி களைத்து வாளைத் தாழ்த்தினார். அதன்பின் தோட்டத்தில் தனித்து நின்றபோது, பொன்னொளி தம்மைச் சூழ்ந்ததாகவும், உண்மையான வீரத்தின் மூலம் எல்லா உயிர்களையும் காக்கும் அன்பே என்று உணர்ந்ததாகவும் அவர் பிற்காலத்தில் கூறிவந்தார். உலகம் இரண்டாம் மகாயுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், அவர் தோக்கியோவை விட்டு இபராக்கி மாகாணத்தின் இவாமா கிராமத்துக்குச் சென்று, பகலில் மண்ணைக் கொத்தியும் எஞ்சிய வேளையில் பயிற்சி செய்தும் வாழ்ந்தார். நகரங்கள் சாம்பலான தேசத்தில், 1948இல், அவர் வித்தையைக் காக்கும் ஐக்கிக்காய் என்னும் ஸ்தாபனம் அங்கீகாரம் பெற்றது. அவர் 1969 ஏப்ரல் 26ஆம் தேதி மறைந்த பின், மகன் கிஷோமாரு அதற்குத் தலைமை வகித்தார்.

பல பயிற்சிக்கூடங்களில் அன்றைய பாடம் முடியும் வேளையில், இருவர் எதிரெதிரே மண்டியிட்டு அமர்ந்து, ஒருவர் மற்றவரின் இரு மணிக்கட்டுகளையும் பற்றிக்கொள்ளும் ‘கோக்யூ’ அப்பியாசம் நடைபெறும். கால்களுக்கு வேலையில்லை, ஓட இடமில்லை, பற்றியவரை மூச்சாலும் இடுப்பின் அசைவாலும் மாத்திரமே சாய்க்கவேண்டும். பற்றப்பட்டவர் தோளை இறுக்கித் தள்ளினால் இருவரும் இரு கற்களைப்போல் முட்டிக்கொண்டு நிற்பர். அவர் விரல்களை விரித்து, தோளைத் தணித்து, மூச்சை நெடிதாக விட்டபடி, நண்பரின் தோளுக்கு அப்பாலுள்ள சுவரைத் தொடப்போகிறவர்போல் கைகளை நீட்டினால், பற்றியவர் மெல்ல எழும்பிப் பக்கத்தில் சாய்வார். இவ்வாறு நான்கு தடவை. பிறகு முறை மாறும். சாய்த்தவர் தம் மணிக்கட்டுகளை விடுவித்துக்கொண்டு, சற்றுமுன் தம்மைப் பற்றியிருந்தவரின் மணிக்கட்டுகளைத் தாம் பற்றுவார்; தம் தேகத்தை அவருடைய பயிற்சிக்காக ஒப்படைப்பார். தமக்குச் சற்றுமுன் கிடைத்த இடத்தைத் தோழருக்குக் கொடுத்துவிட்டு, இப்பொழுது தாம் பாயில் சாய்வார். இருவரும் எழுந்து அமர்ந்து, ஒருவரையொருவர் வணங்கிக்கொள்வர்.